தண்டவாளத்துக்குத் துணி சுற்றியிருந்த வருஷம்

அந்தப் பெண்பிள்ளையை அவள் அம்மா தினமும் என் கையில்தான் கொடுப்பாள். மற்ற தாய்மாரெல்லாம் பள்ளிக்கூட வாசலோடு விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவாங்க. இவள் மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்து என் உள்ளங்கையில் வைத்து, "ஆயா, உங்களை நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்பாள். தினமும் அதே வார்த்தை. பிறகு குனிந்து பிள்ளையிடம், "எங்க உக்கார வெக்கிறாங்களோ அங்கயே உக்காரணும். எவன் ஓடினாலும் எவ ஓடினாலும் நீ ஓடக் கூடாது, என்னா?" என்பாள். பிள்ளை தலையை ஆட்டும்.

அவளுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். மார்கழியில் அலை வந்த அன்றைக்குக் கடல் முதலில் உள்ளே போய்விட்டது. மணலில் மீன் துள்ளுதுன்னு பசங்கள் எல்லாம் ஓடினார்கள். "உக்காருடா, கஞ்சி ஆறுது"ன்னு இவள் கத்தியிருக்கிறாள். அவன் உட்காரவில்லை. அவ்வளவுதான். மிச்சமிருந்த இந்த ஒன்றுக்கு அவள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்த ஒரே பாடம்தான். உட்கார், ஓடாதே.

அந்தக் கையை வாங்கும்போதெல்லாம் எனக்குப் பயமாய்த்தான் இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயசிலேயே கிடையாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு உப்பளத்துக்குப் போனவள். பாத்தியில் நின்று நின்று குதிகால் வெடித்து, புண் ஆறாமல் போனதால் அந்த வேலையும் நின்றது. அலைக்கு அப்புறம் வெளியூர்க்காரங்க சிலபேர் வந்து, குப்பத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்த ஒரு பழைய உப்புக் கொட்டகையைச் சுத்தம் பண்ணி, மேலே ஷீட்டுப் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் ஆக்கினாங்க. அங்கே எனக்கு ஆயா வேலை. பெருக்குவது, பால் கலக்குவது, மூக்கைத் துடைத்துவிடுவது. பாடம் நடக்கும்போது கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். காதில் விழுந்த இங்கிலீஷை வீட்டுக்குப் போய் அடுப்பிடம் சொல்லிப் பார்ப்பேன். மனுஷரிடம் சொல்ல வெட்கம்.

கொட்டகை வாசலில் ஒரு புங்கமரம். அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். முன்னாடி அளத்து வேலைக்கு ஆள் கூப்பிடவும் சாப்பாட்டுக்கு விடவும் அதைத்தான் அடிப்பார்கள். அலைக்குப் பிறகு ஊர் கூடிப் பேசி, இனிமேல் இதை வேறு எதுக்கும் அடிக்கக் கூடாது, கடல் வந்தால்தான் அடிக்கணும், விடாமல் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மண்ரோட்டில் மெயின் ரோட்டுக்கு ஓடணும்னு முடிவு பண்ணினாங்க. தெரியாமல் யார் கையாவது பட்டுவிடப் போகுதுன்னு அதுக்கு ஒரு பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டினாங்க. அடிக்கிற கம்பியை அந்தத் துணிக்குள்ளேயே செருகி வைத்தாங்க. ஓட வேண்டிய வழியைக் கைக்குழந்தைக்குக்கூடக் காட்டியிருந்தாங்க.

அந்த வருஷம் ஊரே சத்தத்துக்குப் பயந்து கிடந்தது. கோயிலில் மணியை ஒரு தட்டு தட்டி நிறுத்திவிடுவார்கள். பாத்திரம் கழுவுகிறவள் தட்டைக் கீழே போட்டால் பக்கத்து வீட்டிலிருந்து திட்டு வரும். குல்பி ஐஸ்காரர் ஒருநாள் மறந்துபோய் மணியை ஆட்டிவிட்டார். வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆள் எழுந்து போய் வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், இன்னொரு தபா ஆட்னே, பெட்டியோட ஐஸைத் தூக்கி உன் வாயிலயே கொட்டிடுவேன்."

"ஏம்பா, அப்ப நான் எப்பிடிப்பா விக்கிறது?"

"வாயால கூவு. பொண்டாட்டிகிட்ட மட்டுந்தான் வாயா உனக்கு?"

அதிலிருந்து அவர், "ஐஸு... ஐஸு..."ன்னு சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மெல்லமாய்க் கூவிக்கொண்டு போவார். பிள்ளைகள் அவர் பின்னாலேயே போய் அதே மாதிரி கூவிச் சிரிக்கும்.

ஆனி மாசத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புதுசாய் ஒரு மிஸ் வந்தாங்க. திண்டிவனம் பக்கத்துக் கிராமம், பஸ்ஸில் வந்து போவாங்க. கல்யாணம் ஆகாத பெண். என்னை "ஆயாம்மா"ன்னு கூப்பிடுவாங்க, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தன் தட்டைத் தானே கழுவுவாங்க. பிள்ளைகளுக்கு அவங்க முதலில் வைத்த சட்டம், பதில் தெரிந்தால் கத்தக் கூடாது, கையைத் தூக்கணும். மிஸ் பார்த்துச் சொல்லச் சொன்னால்தான் சொல்லணும்.

ஆடியில் ஒரு புதுப் பாடம் ஆரம்பித்தாங்க. "கண்ணு, மூக்கு, நாக்கு, காது, தோலு, இந்த அஞ்சாலதான் ஆயாம்மா நாம எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிறோம். புக்குல படிச்சா மனசுல நிக்காது. செஞ்சு பாத்துதான் இங்கிலீஷ் வரணும்" என்றாங்க. ஒரு நாளைக்கு ஒன்று.

முதல் நாள் கண்ணு. படங்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டினாங்க. ஐ ஸீ எ கேட். ஐ ஸீ எ பஸ். கை எல்லாம் மடமடன்னு எழுந்தது. அப்புறம் ஒரு நீலப் படம். கடல். ஒரு கைகூட எழவில்லை. மிஸ் படத்தை இன்னும் உயரமாய்த் தூக்கி, "வாட் டூ யூ ஸீ?"ன்னு கேட்டாங்க. முன் வரிசையில் ஒரு பையன், "மிஸ், அத்தத் திருப்பி வெச்சிடுங்க மிஸ்" என்றான். மிஸ் அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினாங்க.

இரண்டாம் நாள் மூக்கு. பாட்டில்களின் வாயைத் துணியால் மூடி முகரச் சொன்னாங்க. காப்பித்தூள், மல்லிப்பூ, கருவாடு. கருவாட்டுக்கு ஒரே சிரிப்பு. "மிஸ், இது எங்க வூட்டு சென்ட்டு!"ன்னு ஒருத்தி. கடைசி பாட்டிலில் பினாயில். நல்ல வாசனைன்னு நினைத்துத்தான் வைத்திருக்காங்க. அதை முகர்ந்த பிள்ளை பாட்டிலைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, "செத்தவங்க வாசனை" என்றது. அலைக்கு அப்புறம் தெருத்தெருவாய் அதைத்தான் ஊற்றினார்கள், வாரக்கணக்கில். மிஸ்ஸுக்கு அது எப்படித் தெரியும்? நான் அந்த பாட்டிலை எடுத்துப்போய்க் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்தேன். அன்றைக்குச் சோறு பிசைந்தபோதும் கையில் அதே வாசனை. சாப்பிட முடியவில்லை.

நாக்கு மட்டும் நல்லபடியாய்ப் போனது. சர்க்கரை, எலுமிச்சை, பாகற்காய், உப்பு. உப்புத் தட்டு வந்ததும், "இதுக்கு ஏன் மிஸ் நக்கணும்? பாத்தாலே தெரியலியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். நானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"நாளைக்குக் காது. கண்ணைக் கட்டணும் ஆயாம்மா. பழைய துணி இருந்தா கிழிச்சுக் கொண்டு வர்றீங்களா?"

"கண்ணைக் கட்டணுமாங்க?" அதுக்கு மேல் எனக்குக் கேட்க வரவில்லை.

"கண்ணை மூடினாத்தானே காது நல்லா வேலை செய்யும்."

நிஜம்தான். ஆனால் கடலோரத்துப் பிள்ளைகளின் கண்ணைக் கட்டுறதுன்னா எனக்கு என்னவோ போல் இருந்தது. வீட்டில் ஒரு பழைய நூல் புடவையைப் பட்டை பட்டையாய்க் கிழித்தேன். ஒவ்வொரு கிழிப்புக்கும் பல் கூசியது.

மறுநாள் நல்ல காற்று. ஆடிக் காற்றில் அளத்திலிருந்து உப்புத் தூள் பறந்து உதட்டில் கரித்தது. அந்த அம்மா வந்து வழக்கம்போல் கையில் கையை வைத்தாள், வழக்கமான வார்த்தையைச் சொன்னாள், மெயின் ரோட்டோரம் இருக்கிற உப்பு மூட்டை கட்டுற கொட்டகைக்குப் போனாள். நான் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து வரிசையாய்க் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தேன். சிலது கீழ் வழியாய்ப் பார்த்துக்கொண்டு, "இருட்டு, இருட்டு"ன்னு பொய் சொன்னது. அந்த அம்மாவின் பெண் மட்டும், "ஆயா, எனக்குத் தெரியுது. இன்னும் இறுக்கிக் கட்டு" என்றாள்.

"வலிக்கும்டி."

"பரவால்ல. தெரிஞ்சா ஏமாத்தினதா ஆயிடும்."

இறுக்கிக் கட்டினேன். இரண்டு முடிச்சு.

"மிஸ் சொன்னாத்தான் அவுக்கணும். நடுவுல யாரும் அவுக்கக் கூடாது. ஓகேவா?"

"எஸ் மிஸ்!"

நான் பின்பக்கம் போய்ப் பால் அடுப்பைப் பற்றவைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் கேட்டது. கைதட்டல், "க்ளாப்!" சாவிக்கொத்து, "கீ!" தண்ணீர் ஊற்றும் சத்தம், "வாட்டர்!" அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பால் ஓரத்தில் நுரை கட்டியது.

அப்போதுதான் தண்டவாளம் அடித்தது.

ஒரு தரம். இன்னொரு தரம். அப்புறம் விடாமல். அந்தச் சத்தம் காதில் கேட்கிற சத்தம் இல்லை, பல்லுக்குள்ளே, முதுகுத்தண்டுக்குள்ளே கேட்கிற சத்தம். அளத்தில் ஒரு பெண் "ஐயோ, கடலு! கடலு வருது!"ன்னு வீறிட்டாள். அந்த வார்த்தைக்குப் பிறகு ஊரில் யாருக்கும் யோசனை இல்லை. நான் முன்பக்கம் ஓடினேன். பிள்ளைகள் கதவை முட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தன. சிலதுக்குக் கட்டு கழுத்தில் கிடந்தது, சிலதுக்குக் கண்ணிலேயே இருந்தது, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அலறியது. ஒரு பையன் என் காலைக் கட்டிக்கொண்டான். அவனை இடுப்பில் வைத்து, இன்னொன்றின் கையைப் பிடித்தேன். அளத்திலிருந்து வந்த பெண்கள் மற்றதுகளைத் தூக்கினார்கள். மிஸ்ஸும் செருப்பில்லாமல், இரண்டு கையிலும் பிள்ளைகளோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாங்க. நானும் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும்னு பயம்.

மெயின் ரோட்டில் பாண்டிச்சேரி பஸ் நடு ரோட்டிலேயே நின்றிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், எதுக்குன்னு அவருக்கே தெரியாது. பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அந்த அம்மா என்னிடம்தான் வந்தாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் ஒரு பையன், இன்னொன்றில் வேற ஒருத்தியின் பிள்ளை.

"ஆயா, எம் பொண்ணு?"

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். "எல்லாரும் வெளிய வந்தாங்களே..."ன்னு மிஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தாங்க.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதன் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அவள் தார் ரோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உக்காந்திருக்கும் ஆயா. நான்தான் உக்காரச் சொன்னேன். உக்காந்திருக்கும்."

எழுந்திருக்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. நான் இடுப்பில் இருந்த பையனை யார் கையிலோ கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அது தைரியம் இல்லை. எனக்குத் தைரியம் எப்போதும் இருந்தது இல்லை. அந்த முகத்துக்கு எதிரே நிற்பதைவிடக் கடலே பரவாயில்லைன்னு தோன்றியது, அவ்வளவுதான்.

"ஏ ஆயா, எங்க போறே? புத்தி கெட்டுப் போச்சா?"ன்னு ஒருத்தர் கத்தினார். நான் நடையை நிறுத்தவில்லை.

மண்ரோட்டில் ஆள் இல்லை. ஒற்றைச் செருப்புகள், ஒரு தூக்குச்சட்டி, சிந்திய சோறு. பாத்திகளில் உப்பு இழுக்கிற பலகைகள் போட்டது போட்டபடி கிடந்தன. தண்ணீரில் வானம் அசையாமல் இருந்தது. அந்த அசையாமைதான் என்னை நடுங்க வைத்தது. அன்றைக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது என்பார்கள். குப்பத்துக்கு அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பில் காற்று இரையும்போதெல்லாம் வந்துவிட்டதுன்னு நினைத்து நிற்பேன். இன்னும் வரவில்லைன்னு தெரிந்து நடப்பேன். பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. ஆயுசில் ஒரு நாளும் தெருவில் சத்தம் போட்டுக் கூப்பிடாத தொண்டை, வேண்டிய நேரத்தில் எங்கிருந்து கத்தும்?

புங்கமரத்தடியில் வேட்டித்துணி அவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் அடிக்கிற கம்பி. தண்டவாளம் காற்றில் இலேசாய் ஆடிக்கொண்டிருந்தது. அடித்தவர் யாருன்னு நினைக்கக்கூட இல்லை. அடித்தவரையும் கடல் கொண்டுபோய்விட்டதோன்னு ஒரு கணம் தோன்றி, உள்ளே ஓடினேன்.

பாயெல்லாம் சுருண்டு கிடந்தது. துணிப் பட்டைகள் சிதறிக் கிடந்தன. அதற்கு நடுவில் தன் இடத்தில், சம்மணம் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கண்கட்டு அப்படியே இருந்தது. வலது கை மேலே தூக்கியிருந்தது. வலி தாங்காமல் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள்.

"மிஸ், எனக்குத் தெரியும் மிஸ். நான் சொல்லட்டா?"

நான் பாய்களை மிதித்துக்கொண்டு அவள் பக்கம் ஓடினேன்.

"பெல். ஐ ஹியர் எ பெல் வித் மை இயர்ஸ்."

தூக்கியிருந்த அந்தக் கையையே பிடித்து இழுத்தேன். "எந்திரிடி."

"ஆயாவா? மிஸ் இன்னும் அவுக்கச் சொல்லல, ஆயா."

"சொல்லிட்டாங்க. வா."

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சுதான், இரண்டு முடிச்சு. அவசரத்தில் பிடியே கிடைக்கவில்லை. கட்டோடேயே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். வெடித்த குதிகால் ஒவ்வொரு அடிக்கும் தைத்தது.

"ஏன் ஆயா ஓடுறே? ஓடக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்குது."

பாதி வழியில் மிஸ் எதிரே ஓடி வந்தாங்க. அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஆயாம்மா, நில்லுங்க! கடல் இல்ல! ஒண்ணும் இல்ல! நான்தான் அடிச்சேன் ஆயாம்மா, நான்தான்!"

பெரிய சத்தமாய் ஒன்று வேணும்னு வெளியே வந்தாங்களாம். மரத்தில் இரும்பு தொங்கியது. உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் துணி சுற்றியிருக்குதுன்னு நினைத்து, அவிழ்த்து அடித்தாங்களாம். உள்ளே ஒரு பிள்ளையும் "பெல்"ன்னு சொல்லவில்லை. தெரியவில்லை போலன்னு இன்னும் பலமாய், விடாமல் அடித்தாங்களாம். அப்புறம் "கடலு வருது"ன்னு கத்தல் கேட்டதும், தான் அடித்ததால்தான் இதெல்லாம்னு தெரியாமல், கம்பியைப் போட்டுவிட்டு அவங்களும் ஓடியிருக்காங்க. ரோட்டில், தண்டவாளத்தை யார் அடித்ததுன்னு பேச்சு வந்தபோதுதான் அவங்களுக்கே புரிந்ததாம்.

ரோட்டில் பெண்கள் அவங்களைச் சூழ்ந்துகொண்டாங்க. "ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? ஊர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" இன்னொருத்தி, "நாம யாராச்சும் அதுகிட்ட சொன்னமாடி? கண்ணுக்கெதுக்கத் தொங்குது, தெரியும்னு வுட்டுட்டோம்" என்றாள். ரொம்ப நாள் கழித்து ஐஸ்காரர்தான், "அடிச்சதும் நீங்க, ஓடினதும் நீங்களாம்மா?"ன்னு மிஸ்ஸைக் கேட்டுச் சிரித்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த அம்மா இன்னும் தார் ரோட்டின்மேலேயே இருந்தாள். பிள்ளையை மடியில் இறக்கினேன். அவள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிள்ளை அம்மாவைப் பார்த்தது. பார்த்ததும் பெருமையாய்ச் சொன்னது. "அம்மா, நான் ஓடவே இல்ல."

அவள் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அந்த வார்த்தையை இன்னொரு தரம் கேட்க முடியாதவள்போல, கையை எடுக்கவே இல்லை.

கொஞ்ச நாள் பிள்ளையை அனுப்பவில்லை. தண்டவாளத்துக்கு மறுபடியும் துணி சுற்றினாங்க, இந்தத் தடவை சிவப்பு. மிஸ்ஸே கூட நின்று முடிச்சுப் போட்டாங்க. ஒருநாள் காலையில் அந்த அம்மா வந்தாள். பிள்ளையின் கையை என் கையில் வைத்தாள். குனிந்தாள். "எங்க உக்கார வெக்கிறாங்களோ..."ன்னு ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். உட்காருன்னு சொன்னால் ஒரு பயம், ஓடுன்னு சொன்னால் ஒரு பயம். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் என் முந்தானை நுனியைப் பிடித்து, பிள்ளையின் உள்ளங்கையில் திணித்து, விரலை ஒவ்வொன்றாய் மடக்கிவிட்டாள்.

"இத்த வுடாத. ஆயா ஓடினா ஓடு. ஆயா உக்காந்தா உக்காரு."

சொல்லிவிட்டு வேகமாய்ப் போய்விட்டாள். என்னைச் சரின்னு சொல்லக்கூட விடவில்லை.

அன்றைக்குத்தான் மிஸ் பாக்கி இருந்த தோல் பாடத்தை எடுத்தாங்க. கண்ணைக் கட்டவில்லை. ஒரு பைக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துச் சொல்லணும். பஞ்சு, கல்லு, தேங்காய் நார். இவள் முறை வந்தபோது ஒரு கையைப் பைக்குள் விட்டாள், இன்னொன்று என் முந்தானையில் இருந்தது. ஆயுசில் முதல் தடவையாக நான் கதவுக்குப் பின்னால் இல்லாமல் வகுப்புக்கு நடுவில், எல்லார் கண்ணும் படும்படி உட்கார்ந்திருந்தேன். மிஸ் பார்த்தாங்க, பையை இவள் பக்கம் சாய்த்துப் பிடித்தாங்க.

"ஐ டச் எ ஸ்டோன்" என்றாள். சரியாய்த்தான் சொன்னாள்.

அந்த வருஷம் முழுக்க அந்தப் பிடி என்னோடேயே இருந்தது. பெருக்கும்போதும் பால் கலக்கும்போதும் பின்னாலேயே வரும். தோப்பில் காற்று கொஞ்சம் வேகமாய் இரைந்தால் விரல் இறுகும், முந்தானை தோளில் இழுபடும். எனக்கும் அந்தக் காற்றைக் கேட்டதும் கால் ஓடத்தான் பார்க்கும். ஆனால் நான் ஓடினால் அது ஓடும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு, எனக்குப் பயம் இருப்பது அந்தத் துணி வழியாய் அதுக்குத் தெரிந்துவிடக் கூடாதுன்னு, நடையை மாற்றாமல் நடந்துகொண்டே இருப்பேன்.